கங்கைக்குப் போன பெட்டி

பேஹாலா, கல்கத்தா
17 பிப்ரவரி 1997

மேஜ்தாவின் பாதங்களுக்கு உன் தங்கை டூனியின் வணக்கம். அண்ணி பௌதிக்கும் குட்டிப் பையனுக்கும் என் அன்பு. சிங்கப்பூரில் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் வலி குளிரோடு போய்விட்டது. நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எழுதக் கை வரவில்லை.

இத்தனை வருஷம் உதவியாளராக இருந்தது போதும், இந்தப் படத்துக்கு ஒலிக்கலவையை நீயே செய் என்று ஸ்டுடியோ முதலாளி ஹால்தார் பாபு சொன்னதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? விருந்துக்கு வந்த மாப்பிள்ளை திரும்பிப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும் கதை. மாப்பிள்ளைமார் மாமியார் வீட்டில் விருந்துண்ணும் ஜாமாய் ஷஷ்டி அன்று, ஜூன் மாதம், வெளியாக வேண்டும். திரையில் என் பெயர் தனியாக வரும்.

இப்போது வருமா என்று தெரியவில்லை. படம் பக்கத்து அறையில் வீடியோ இயந்திரத்தில் ஓடுகிறது. ஒலி என் அறையில் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. இரண்டையும் கைகோத்து நடக்கவைப்பது சிங்க் பெட்டி என்ற சின்ன இரும்புப் பெட்டி. அது இல்லாவிட்டால் நடிகன் உதட்டை மூடிய பிறகு வசனம் வரும். அந்தப் பெட்டியைத்தான் தொலைத்துவிட்டோம்.

போன வாரம் சரஸ்வதி பூஜை. வழக்கம்போல எல்லோரும் அவரவர் கருவியைத் தேவியின் காலடியில் வைத்தோம். படம் ஓட்டும் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நிருபம் பாக்சி என்ற மகா புத்திசாலி, கூட்டத்தில் யாராவது பெட்டியை உதைத்துவிடப் போகிறார்களே என்று அதைச் சிலையின் பலகையோடு சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே மஞ்சள் துணியும் போர்த்தியிருக்கிறார். மறுநாள் தபலாக்காரர் தபலாவை எடுத்துக்கொண்டார், வயலின்காரர் வயலினை எடுத்துக்கொண்டார். துணிக்கு அடியில் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. தேவியோடு சேர்த்து அதையும் கங்கையில் இறக்கிவிட்டார்கள். பாக்சி பாபு அப்போது லாரிக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாராம்.

படகுக்காரர்களை விட்டுத் தேடினோம். மண் கரைந்து வைக்கோல் எலும்புக்கூடாக நாலு சரஸ்வதி கிடைத்தார்கள், பெட்டி கிடைக்கவில்லை. பாக்சி பாபு எனக்கு ஆறுதல் சொல்கிறார்: "நான் கட்டின கட்டு அவிழவே அவிழாதுங்க. அது தேவியோடதான் இருக்கும்."

மே கடைசிக்குள் முடியாவிட்டால் ஒலிக்கலவைக்கு ரீல்களை மெட்ராசுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார் ஹால்தார் பாபு. சிங்கப்பூரில் பெட்டி கிடைக்குமா, பார். மாடல் எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாவிடம் சொல்லாதே.

அழாக் குறையாக,
டூனி


சிங்கப்பூர்
28 பிப்ரவரி 1997

அன்புத் தங்கை டூனிக்கு ஆசிகள். நாங்கள் மூவரும் சுகம். மாவின் முழங்கால் குணமானது கேட்டு மகிழ்ச்சி.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் பௌதிக்கு வாசித்துக் காட்டியதில் அவள் சிரித்த சிரிப்பில் பருப்பு அடிபிடித்துவிட்டது. பெட்டியைக் கட்டிவைத்த மனிதருக்கு என் வாழ்த்துகளைச் சொல். எங்கள் கப்பல் பட்டறையில் அப்படிக் கயிறு கட்டத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை.

சரி, கோபப்படாதே. ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரானிக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம். சீட்டைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்குகிறார்கள். மாடிக்கடை கோ என்ற கிழவர் மட்டும், தேடிப் பார்க்கிறேன், அடிக்கடி வந்து உயிரை வாங்காதே என்றார். வாராவாரம் போய் வாங்கப்போகிறேன்.

அதுவரை என்ன செய்யப்போகிறாய்? உன் முதல் படம் மெட்ராசுக்குப் போகக் கூடாது. துர்காபூர் எஞ்ஜினியர் ஒருவருடைய ஜாதகத்தை மா அனுப்பியிருக்கிறாள். உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

ஆசிகளுடன்,
மேஜ்தா


பேஹாலா
12 மார்ச் 1997

மேஜ்தாவுக்கும் பௌதிக்கும் வணக்கம். மா நலம். நான் நலமா என்று இந்த வாரம் கேட்காதே.

பெட்டி இல்லாததால் மனிதர்களை வைத்து வேலை செய்கிறோம். அவர் அறையில் வீடியோவின் பொத்தான், என் அறையில் கம்ப்யூட்டரின் பொத்தான், நடுவே கண்ணாடிச் சன்னல். மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்படித் தொடங்கினாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் ஒன்று முந்திவிடும். அதனால் ரீலைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணி அழுத்துகிறோம். இதற்குப் பொறுமை வேண்டும். எதிரே பாக்சி பாபு.

நான் மூன்று என்னும்போதே அழுத்துகிறேன். அவர் மூன்று என்று சொல்லி முடித்து, வாயை மூடி, ஒரு மூச்சு விட்டு, பிறகு அழுத்துகிறார். இதனால் மாப்பிள்ளை கடிப்பதற்கு முன்பே அப்பளம் நொறுங்குகிறது. மாமியார் வாயைத் திறப்பதற்குள் பாதித் திட்டு முடிந்துவிடுகிறது. ஹால்தார் பாபு பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பாக்சி பாபு தன் கட்சியை விடவில்லை. "மூணுன்னா மூணு முடிய வேண்டாமா? டிராம் நின்னப்புறம்தானே இறங்குவோம்?"

"கல்கத்தாவுல யாருங்க டிராம் நின்னப்புறம் இறங்குறாங்க?" என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகும் தாமதமாகவே அழுத்துகிறார். எப்படியாவது பெட்டியை அனுப்பு. இந்த ஆளோடு மே வரை உட்கார என்னால் ஆகாது. துர்காபூருக்கு இப்போது பதில் இல்லை என்று மாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் டூனி


சிங்கப்பூர்
24 மார்ச் 1997

அன்பு டூனிக்கு ஆசிகள். குட்டிப் பையனுக்கு ஜலதோஷம், மற்றபடி சுகம்.

கிடைத்துவிட்டது. கோ கிழவர் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் சாமான்களைக் கிளறி எடுத்திருக்கிறார். அதே மாடல், வீடியோ இயந்திரத்தோடு இணைக்கிற விசேஷ ஒயரும் கூடவே இருக்கிறது. அந்த ஒயர் தொலைந்தால் பெட்டி வெறும் இரும்புதான் என்று நாலு தடவை எச்சரித்தார். பட்டறையில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது. நம் ஊருக்கு வரும் கப்பலில் சமையல் மேற்பார்வையாளர் மொயேஸ் பாய் எனக்கு வேண்டியவர். ஏப்ரல் நடுவில் கிதிர்ப்பூர் துறைமுகத்தில் இறங்கி, உன் கையிலேயே கொடுத்துவிடுவார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிரு.

உன் பௌதிக்கு ஒரு சந்தேகம். ஸ்டுடியோவில் டீ கொடுப்பவரிலிருந்து முதலாளியின் டிரைவர் வரைக்கும் எல்லோரையும் 'தா' போட்டு அண்ணன் ஆக்கிவிடுவாய். இவரை மட்டும் ஏன் நிருபம்தா என்று எழுதுவதில்லை, பாக்சி பாபு பாக்சி பாபு என்றே எழுதுகிறாய் என்று கேட்கிறாள். கோபமாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆசிகளுடன்,
மேஜ்தா


பேஹாலா
15 ஏப்ரல் 1997

மேஜ்தா, பௌதி இருவருக்கும் புத்தாண்டு நமஸ்காரம். குட்டிப் பையனின் ஜலதோஷம் போயிருக்கும். மா புதுப் புடவை கட்டிக்கொண்டு காளி கோயிலுக்குப் போய் வந்தாள். இரண்டு வேளையும் லூச்சிப் பூரி சுட்டாள். வெயில் கொளுத்துகிறது, ஆனாலும் எனக்கு என்னவோ இந்த வருஷத்து வெயில் உறைக்கவில்லை.

வேலை ஓடுகிறது. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இப்போது நாங்கள் எண்ணுவதில்லை. ஒரு நாள் மைக் கெட்டுப்போனது. சரி செய்யும்வரை சும்மா இருப்பானேன் என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே அழுத்தினோம். ஒரே சமயத்தில் விழுந்தது. மறுபடி அழுத்தினோம், மறுபடியும் அப்படியே. மைக் சரியான பிறகு எண்ணிப் பார்த்தால் தப்பாகிறது. அதனால் மைக்கை அணைத்துவிட்டோம். எதிரே உள்ளவர் மூச்சை இழுக்கும்போது தோள் லேசாக ஏறும், அதுதான் கணக்கு. அப்பளம் இப்போது வாய்க்குள் போன பிறகுதான் நொறுங்குகிறது. ஹால்தார் பாபு ஒரு துண்டு முழுவதும் பார்த்துவிட்டு இரண்டு டீ அனுப்பினார்.

ஸ்டுடியோவில் எல்லோரும் நலம். டீக்கார பூபேன்தாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மொயேஸ் பாயின் கப்பல் இன்னும் வரவில்லை. நீ ஒன்றும் அவசரப்படுத்தாதே. கடல் அல்லவா, மெதுவாகவே வரட்டும்.

வணக்கங்களுடன்,
டூனி


சிங்கப்பூர்
30 ஏப்ரல் 1997

அன்பு டூனிக்கு ஆசிகள். இங்கே சுகம்.

மொயேஸ் பாய் திரும்பி வந்துவிட்டார். பெட்டியை உன் கையிலேயே கொடுத்ததாகவும், நீ அவரை உட்காரவைத்து சந்தேஷ் இனிப்பும் புலாவும் போட்டதாகவும், பெட்டியைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டதாகவும் சொன்னார். உன் கடிதம் வருமென்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்டி ஓடுகிறதா? கடலில் ஆடி வந்ததில் உள்ளே ஏதாவது கழன்றிருக்கிறதா? இரண்டு வரி போதும், எழுது. மே கடைசி நெருங்கிவிட்டது, எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை.

மேஜ்தா


பேஹாலா
9 மே 1997

மேஜ்தாவுக்கு வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பௌதி, குட்டிப் பையன் எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ந்தேன். மாவும் சுகம். இந்த வருஷம் ஹிம்சாகர் மாம்பழம் கொள்ளையாக வந்திருக்கிறது. மா தோலோடு தின்னாத குறை.

மின்வெட்டு உயிரை எடுக்கிறது. தினமும் மத்தியானம் போனால் சாயங்காலம்தான் வரும். நேற்று கரண்ட் போன நேரத்தில் சாப்பிடும் காட்சிகளுக்கு வேண்டிய சத்தங்களைப் பற்றி யோசித்தோம். ஹில்ஸா மீனின் முள்ளை நாக்கால் ஒதுக்குகிற சத்தம் எப்படி இருக்கும் என்று பெரிய சர்ச்சை. கடைசியில் நிஜ மீனே வாங்கி வந்து, கரண்ட் வந்ததும் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து தின்று பார்த்தோம். சத்தம் வரவில்லை, மீன் தீர்ந்துபோனது. இரண்டாவது மீனும் தீர்ந்த பிறகு பூபேன்தா ஈரத் துணியைப் பிழிந்து காட்டினார், அப்படியே மீன் தின்பது போலவே இருந்தது. நான் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இப்போது கடைசி ரீல்தான் பாக்கி. ஹால்தார் பாபு டைட்டில் சீட்டைக் காட்டினார். என் பெயரை முழுசாக, ஈப்ஸிதா சன்யால் என்று எழுதியிருக்கிறார்கள். நாலு தடவை வாசித்தேன்.

மழை எப்போது வரும் என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டு மாமிக்கு மூக்குக்கண்ணாடி மாற்றியாயிற்று. வேறு விசேஷம் இல்லை.

டூனி


சிங்கப்பூர்
18 மே 1997

டூனி,

சுகம், சுகம், சுகம். நலம் விசாரித்தாகிவிட்டது. மாம்பழம், மீன், மாமியின் மூக்குக்கண்ணாடி எல்லாம் படித்தேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், பெட்டி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். சர்ச்சை செய்தோம், தின்றோம், யோசித்தோம் என்று இருக்கிறதே, யார் யார்? பாக்சி பாபுவின் பெயர் எங்கே போனது?

பூசி மெழுகாதே. பெட்டி வந்ததா, வேலை செய்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

மேஜ்தா


டாலிகஞ்ச், கல்கத்தா
26 மே 1997

மதிப்பிற்குரிய பிரதுல் பாபுவின் பாதங்களுக்கு, உங்களுக்கு முன்பின் தெரியாத நிருபம் பாக்சியின் வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கங்கையில் பெட்டியை இறக்கியவன் நான்தான்.

உங்கள் கடைசிக் கடிதம் உங்கள் தங்கைக்கு வந்தது. அவருக்குப் பொய் எழுத வராது. உண்மையை எழுதவும் கை வரவில்லை. நான் எழுதட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். எதிரே உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இது அவருக்குத் தெரிந்தே எழுதும் கடிதம்.

கடைசி ரீல், மாமியாரும் மாப்பிள்ளையும் சாப்பாட்டு வேளையில் போடும் சண்டை. ஒன்பது நிமிஷம், நடுவில் வெட்டே கிடையாது, பின்னால் விடாமல் மழை பெய்கிறது. துண்டு போட்டால் மழைச் சத்தம் துள்ளுகிறது. துண்டு போடாமல் ஓட்டினால் மூன்றாம் நிமிஷத்தில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். எத்தனை தடவை சேர்ந்து அழுத்தினாலும் அதற்கு மேல் எங்களால் முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை காலை ஹால்தார் பாபு வந்து, மாலை மெட்ராஸ் மெயிலில் ரீல்களை ஏற்றப்போவதாகச் சொன்னார். வண்டி வாசலில் நின்றது.

உங்கள் தங்கை எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தார். பழைய டேப்புகளுக்குப் பின்னாலிருந்து நீங்கள் அனுப்பிய பெட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"இது வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன்," என்றார். ஹால்தார் பாபுவிடம்தான் சொன்னார், என் பக்கம் திரும்பவே இல்லை.

இணைக்கப் போனபோது ஒயர் இல்லை. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார், அலமாரியைத் தலைகீழாக்கினார். முகம் வெளுத்துப்போய்விட்டது. அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் தோள்பையிலிருந்து ஒயரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

பிரதுல் பாபு, பெட்டி வந்த மறுநாளே டேப் தேடப் போய் அதைப் பார்த்துவிட்டேன். எடுத்து வெளியே வைத்திருக்க வேண்டும். அவர் மறைத்து வைத்திருக்கிறார் என்று புரிந்ததும், பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஒயரை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் மனசு மாறி ஒரு நாள் அதை வெளியே எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஹால்தார் பாபு பெட்டியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். "ரெண்டு பைத்தியத்தைச் சம்பளம் குடுத்து வெச்சிருக்கேனா?" என்று கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அன்று மாலைக்குள் கடைசி ரீல் முடிந்தது. ஒன்பது நிமிஷமும் ஒரு இம்மி பிசகவில்லை. படம் இங்கேயேதான் முடிந்தது, உங்கள் தங்கையின் பெயரில்.

இப்போது எங்கள் கஷ்டத்தைச் சொல்கிறேன். உங்கள் பெட்டி பிரமாதமாக வேலை செய்கிறது. ஒருவர் அழுத்தினால் போதும், இரண்டும் தானே ஓடுகின்றன. அவர் என்னைப் பார்க்கவோ நான் அவரைப் பார்க்கவோ தேவையே இல்லை. தினமும் அவருக்கு எதிரே உட்கார எனக்கு வேறு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அவரிடம் கேட்டேன். மேஜ்தாவிடம் கேளுங்கள் என்றார். கேட்கிறேன்.

உங்கள் ஆசியை வேண்டும்,
நிருபம்


சிங்கப்பூர்
2 ஜூன் 1997

அன்பு டூனிக்கும் நிருபமுக்கும் ஆசிகள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம், மாற்றி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

டூனி, உன்னை நினைத்து நான் மூன்று வாரம் தூங்கவில்லை. பெட்டி உடைந்துவிட்டது, என்னிடம் சொல்ல பயப்படுகிறாள் என்று நினைத்து, இன்னொன்று கிடைக்குமா என்று கோ கிழவரின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். இப்போது அவரிடம் என்ன சொல்வது? நேரில் வரும்போது உன் காதைத் திருகாமல் விடமாட்டேன். நிருபம், உங்கள் காதும் தப்பாது.

எனக்குச் சம்மதம். பௌதிக்கு மார்ச் மாதமே சம்மதமாம், என்னிடம் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் எல்லோரும் என்னிடமிருந்து எதையாவது ஒளித்துவைத்திருக்கிறார்கள். கார்த்திகையில் லீவு எடுத்து வருகிறேன்.

மாவிடம் நான் எழுதமாட்டேன். அது உங்கள் வேலை. சேர்ந்தே போய்ச் சொல்லுங்கள்.

மேஜ்தா


பேஹாலா
12 ஜூன் 1997

மேஜ்தா, பௌதி இருவர் பாதங்களுக்கும் எங்கள் இருவரின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

படம் நேற்று வெளியானது. ஷஷ்டி விருந்துக்கு வந்திருந்த பெரியக்காவையும் அத்தானையும் மாவையும் காலைக் காட்சிக்கு அழைத்துப் போனேன். அவர் தனியாக வந்து மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தார். என் பெயர் வந்தபோது அத்தான் விசில் அடித்தார், பெரியக்கா அவர் தொடையில் கிள்ளினாள். கடைசி ரீலில் நான் திரையைப் பார்க்கவில்லை, ஜனங்களைத்தான் பார்த்தேன். பெட்டியில் ஓடியது எது, கையால் அழுத்தியது எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை அப்பளத்தைக் கடித்ததும் கொட்டகையே சிரித்தது. அழுகை வந்துவிட்டது, மேஜ்தா. சந்தோஷத்தில்தான்.

வெளியே வந்ததும் அவரை மாவுக்கு அறிமுகம் செய்தேன். கூட்டத்தில் நின்று சொல்ல முடியவில்லை. மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெயிலில் நிற்காதே, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ என்றாள்.

வீட்டில் அத்தானுக்கு முறைப்படி பெரிய தட்டு வைத்து, பனை விசிறியால் வீசி, மா ஆசி கொடுத்தாள். இவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சொன்னோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து, ஒரே வார்த்தையில் தொடங்கி, ஒரே இடத்தில் நிறுத்தினோம். அத்தானுக்குப் புரையேறிவிட்டது. மா இவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

மா விசிறியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "கல்யாணம் ஆகாத மாப்பிள்ளைக்கெல்லாம் ஷஷ்டி விசிறி வீசுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"கரண்ட் இல்லடி. வேர்த்து ஊத்துது புள்ளைக்கு, அதுக்கு வீசுறேன்," என்றாள் மா.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மா வீசிக்கொண்டே இருந்தாள்.

உன் டூனி